மிரட்டிப் பார்த்து வாங்குகிறவர்

என் மாமனார் எதையும் மிரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

அவர் மாட்டுத் தரகர். சந்தவாசலைத் தாண்டி, ரோடு ஜவ்வாது மலை மேல் ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. சந்தையில் ஒரு காளை அவர் கண்ணுக்குப் பிடித்துவிட்டால் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். அது எல்லாத் தரகரும் செய்வதுதான். அதற்குப் பிறகு யாரிடமோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாட்டின் பின்பக்கமாகப் போய், அதன் காதோரம் படாரென்று கைதட்டுவார். பிறகு முன்னால் வந்து கறுப்புக் குடையை அதன் முகத்துக்கு நேரே பட்டென்று விரிப்பார். துள்ளிக் கயிற்றை அறுக்கிற மாடு அவருக்கு வேண்டாம். காதை மட்டும் ஆட்டிவிட்டு நிற்கிற மாடு போதும்.

"மிரளாத மாடுதான் குடும்பத்தைக் காப்பாத்தும்" என்பார்.

மாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ரேடியோ வாங்கப் போனபோது, பாடிக்கொண்டிருந்த பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அறை வைத்தாராம். பாட்டு நிற்கவில்லை. "இதையே கட்டிக் குடு" என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து ஊருக்குப் புதிதாக ஒரு வைத்தியர் வந்தார். அவரிடம் நாடியைக் காட்டிக்கொண்டு இருந்தவர், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறார். வைத்தியர் பயந்து தெருவுக்கு ஓடி ஆள் கூப்பிட்டிருக்கிறார். இவர் எழுந்து உட்கார்ந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "மிரள்ற ஆளு கையில மருந்து வாங்கக் கூடாது" என்று கிளம்பி வந்துவிட்டார்.

என்னையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்.

பெண் பார்க்க வந்த அன்று நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன். கதவோரம் எங்கள் பித்தளை அண்டா இருந்தது. மாமனார் அதைக் காலால் தள்ளிவிட்டார். அது உருண்டு படியில் விழுந்த சத்தத்தில் என் சித்தி "ஐயோ" என்று கத்தினாள். தெருநாய் குரைத்தது. நான் மட்டும் அசையவில்லை. தட்டில் ஒரு சொட்டுக் காப்பி சிந்தவில்லை.

"இந்தப் பொண்ணுதான்" என்று அங்கேயே அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம் சொன்னார். "பாத்தியா, கண்ணைக்கூட கொட்டல."

நடந்தது வேறு. பயம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் ஓடுவார்கள். எனக்குக் கைகால் மரத்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அண்டா விழுவதற்கு முன்பே, இத்தனை பேர் முன்னால் வந்து நின்ற பயத்தில் எனக்கு உடம்பு மரத்துத்தான் இருந்தது.

இதை நான் யாரிடம் சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. அவர் கூடத்தில் இருந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அத்தையிடம் சொல்வேன். அத்தை இல்லாத நேரத்தில் கதவைப் பார்த்துச் சொல்வேன். "சோறு ஆறிப்போகுது" என்று கதவிடம் சொன்னால் அவர் எழுந்து கை கழுவுவார். அவரும் எனக்கு எதையும் கதவு வழியாகத்தான் சொல்லியனுப்புவார்.

ஒருநாள் சமையலறைக்குள் பாம்பு வந்துவிட்டது. அது அடுப்பைச் சுற்றிக்கொண்டு ஜலதாரை வழியாகப் போகிறவரை நான் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தேன். எழ முடியவில்லை. எட்டிப் பார்த்த மாமனார் அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார். "பாம்பு பக்கத்துல போவுது, எங்க வூட்டுப் பொண்ணு கத்திரிக்கா அரிஞ்சிக்கினு கீது!" நான் அரிந்துகொண்டு இருக்கவில்லை. கத்தரிக்காய் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் கொட்டகையில் ஒரு வயதான காளை இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் கைதட்டிப் பார்த்து, கொஞ்சமும் அசையாமல் நிற்கிறதே என்று ஆசைப்பட்டு அவர் வாங்கியது. வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில் பின்னால் லாரி ஹாரன் அடித்தும் விலகவில்லை. அப்போதுதான் அது செவிடு என்று தெரிந்திருக்கிறது. குடையை விரித்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். ஆனால் அந்த மாட்டை அவர் விற்கவில்லை. "இதை இன்னொருத்தன் தலையில கட்டினா எனக்கு சோறு எறங்குமா?" என்று அது சாகும்வரை வைத்திருந்தார். அதற்குத் தவிடு கரைத்து வைக்கும்போதெல்லாம், நானும் இதுவும் ஒரே மாதிரிதான் இந்த வீட்டுக்கு வந்தோம் என்று நினைத்துக்கொள்வேன். உண்மை தெரிந்தால் என்னையும் இப்படித்தான் ஒரு ஓரமாகக் கட்டி வைப்பாரோ என்றும் தோன்றும்.

கார் ஆசை அவருக்கு எப்படி வந்தது என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு சந்தைக்கு நடுவே யாரோ தோல் மண்டி முதலாளி வீட்டுப் பையன் கூரையில்லாத காரில் வந்திருக்கிறான். இரண்டே பேர் உட்காரும் கார். மாட்டுக் கூட்டம் தானாக விலகி வழி விட்டதாம். இவர் துண்டுக்குள் ஒருவரோடு விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தவர், பிடித்த விரலை விடாமல் அப்படியே நின்றுவிட்டாராம். நாற்பது வருஷம் மாட்டுக்குப் பின்னால் புழுதி தின்று நடந்த மனிதர். புளிய மரக் குத்தகையில் அப்போது கொஞ்சம் வசதி வந்திருந்தது. "மொகத்துல காத்து அடிக்கணும்டி. அந்த மாதிரி வண்டிதான் எனக்கு வேணும்" என்று அத்தையிடம் பிடிவாதம்.

முதலில் மெட்ராஸுக்குப் போய்ப் புதுக் கார் பார்த்தார். இரண்டு கதவு, முதுகு சரிந்து அழகாக இருந்ததாம். "மலையில ஏத்தி எறக்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றதற்கு, புது வண்டியை அப்படியெல்லாம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "மிரட்டிப் பாக்க வுடாத மாட்டை எவன் வாங்குவான்?" என்று திரும்பி வந்தார். பிறகு வேலூரில் ஒரு பழைய கார். அதன் எஞ்சின் மூடியை அவர் அடித்த அடியில் முன்விளக்கு ஒன்று கழன்று தொங்கியது. அது வேண்டாம் என்று ஆனது. மூன்றாவதுதான் அந்த நாவல்பழ நிறக் கார்.

வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து அதை ஓட்டிக்கொண்டு ஒரு வயதான பாய் வந்தார். விற்கிறவர் வீட்டு டிரைவர். கார் எங்கள் வாசலில் நாய் படுத்த மாதிரி தரையோடு தரையாக நின்றது. துணிக்கூரையை மடித்துப் பின்னால் வைத்திருந்தார்கள். கதவு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மாமனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைதட்டவில்லை. குடையை விரிக்கவில்லை. தடவிக் கொடுத்தார். அவர் எதையும் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

"எடுங்க மொதலாளி, ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்று பாய் பக்கத்துச் சீட்டில் உட்காரப் போனார்.

"நீ எறங்கு பாய். மாட்டுக்காரன் பக்கத்துல நின்னா எந்த மாடும் அடங்கித்தான் நிக்கும். உன்னை வெச்சிக்கினு நான் இன்னாத்த பாக்கறது?"

"அப்போ தனியாவா போறீங்கோ?"

"வெறும் வண்டியில மாட்டைப் பூட்டிப் பார்ப்பாங்களா? பாரம் வேணும்." திரும்பி வீட்டைப் பார்த்துச் சொன்னார்: "மருமவளை வரச்சொல்லு."

எனக்கு அப்போது மூன்றாவது மாசம்.

இதை என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். முந்தின வருஷம் ஒன்று கலைந்துவிட்டது. கட்டை வண்டியில் அம்மா வீட்டுக்குப் போய் வந்த மறுநாள். இந்தத் தடவை உடம்பு குலுங்காமல் பார்த்துக்கொள் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். மூன்று மாசம் முடிகிறவரை வெளியே சொல்ல வேண்டாம், கண்பட்டுவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருந்தோம். வீட்டுக்காரர் அன்று மாடு பிடிக்க வெளியூர் போயிருந்தார். எனக்காகப் பேச யாரும் இல்லை.

அத்தை வாசலில் சண்டை போட்டுப் பார்த்தாள். "மருமவளைப் பக்கத்துல குந்த வெச்சிக்கினு போனா ஊரு இன்னா சொல்லும்? நான் வர்றேன்."

"நீ கத்துற கத்துல வண்டி மிரளுதா நீ மிரள்றியான்னே தெரியாது. அந்தப் பொண்ணு மிரளாது. மகளாட்டம் நெனச்சிக் கூட்டிக்கினு போறேன், ஊரு இன்னா சொல்லும்?"

அத்தை உள்ளே வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "அத்தே..." என்று ஆரம்பித்தேன்.

"நான் இன்னாம்மே பண்றது? அந்த ஆளு கேக்குமா? ஒரே நிமிஷம், சும்மா போய்ட்டு வந்துடு."

அதற்கு மேல் நாக்கு எழவில்லை. வாசலில் ஹாரன் அடித்தது. என் கால்கள் தானாக நடந்து போயின.

கதவைத் திறந்துவிட்ட பாய் என் முகத்தைப் பார்த்தார். "மொதலாளி, பாப்பா மூஞ்சி வெளுத்துப் போச்சே."

"அது நெறமே அப்டித்தான் பாய்" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

குத்தகைப் புளி ஏற்றும் ஜீப்பில் ஓட்டிப் பழகியவர் அவர். மலைக்குத் தார் போட்டு அதிக நாள் ஆகவில்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெள்ளையடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். கற்களுக்கு அந்தப் பக்கம் புளிய மரங்களின் தலைகள் தெரிந்தன. மரத்தின் தலை நம் காலுக்குக் கீழே தெரிவது எவ்வளவு பெரிய பயம் என்று அன்றுதான் தெரிந்தது. கூரை இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. முந்தானையைச் சுருட்டி வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நேர்ரோட்டில் இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்தார். அதன் மேலே படாரென்று கைதட்டினார்.

கார் நேராகத்தான் போனது. "பாத்தியா!" என்று சிறுபிள்ளை மாதிரி கத்தினார். "கோடு போட்ட மாதிரி போவுது!" அடுத்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி கையை எடுத்துத் தட்டினார். வெள்ளைக்கல் என் பக்கமாக ஓடி வந்தது. அவர் பிடித்துத் திருப்பிவிட்டார். அவருக்கு முகமெல்லாம் காற்று, சிரிப்பு. எனக்குக் கீழ்முதுகில் ஒரு வலி பிடித்தது. போன வருஷமும் முதலில் அங்கேதான் பிடித்தது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? அந்தக் காரில் மூன்றாவது ஆள் இல்லை. கதவு இருந்தது, ஆனால் அது முழங்கால் உயரக் கதவு. அதற்குப் பின்னால் எப்படி நிற்பது? இரண்டே சீட்டுள்ள வண்டியில் மாமனாரிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்கு வழியே தெரியவில்லை. ரோட்டோரம் ஒரு மைல்கல் வந்தது. அதைப் பார்த்து, "மெதுவா போனா நல்லாருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மேலே அகலமான இடம் ஒன்று வந்தது. முன்னும் பின்னும் நகர்த்தி வண்டியைத் திருப்பினார். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றது.

"ஏத்தத்துல எல்லா மாடும் நல்ல மாடுதான்" என்றார், என்னிடமா காரிடமா என்று தெரியாமல். "எறக்கத்துலதான் யோக்கியதை தெரியும்." சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இருந்தவரை யாரோ ஓட்டுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது டயர் உரசும் சத்தமும் காற்றும்தான். முதல் வளைவு திரும்பியது. வேகம் கூடியது. அடுத்த வளைவில் என் உடம்பு அவர் பக்கம் சாய்ந்து, மறுபடி கதவில் மோதியது. வலி முதுகிலிருந்து முன்பக்கம் சுற்றி வந்தது. தூரத்தில் அடுத்த நேர்ரோடு தெரிந்தது. அவர் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

"மாமா! நிறுத்துங்க! வயித்துல புள்ள கீது!"

அது என் குரல் என்று எனக்கே உடனே தெரியவில்லை.

கார் தேய்த்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, வெள்ளைக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ரப்பர் கருகிய வாசனை வந்தது. அவர் எதிரே பார்த்தபடியே கேட்டார்.

"எத்தினி மாசம்?"

"மூணு."

"உங்க அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"மிரண்டுட்டியா?"

"நான் எப்பவுமே மிரள்றவதான்" என்றேன். வாய் திறந்துவிட்டதால் மூட முடியவில்லை. "பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கும் மிரண்டுதான் நின்னேன். பாம்பு வந்தப்பவும் அப்டித்தான். எனக்குக் கால் வராது மாமா, அதான் நிக்கறேன். இப்போ முதுகு வலிக்குது."

அவர் இறங்கினார். ஒரு கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அந்தக் கல்லை அவரால் ஒரே தடவையில் சரியாக வைக்க முடியவில்லை. எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"வண்டி நல்லாதான் கீது" என்றார். "நான் இனிமே ஓட்ட மாட்டேன்."

பஸ் சாயங்காலம்தான். நான் நடந்து இறங்குகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மலைக்காரர்கள் நாலைந்து பேர் ஏறி வந்தார்கள். சந்தையில் புளி போட்டுவிட்டு, காலிச் சாக்கும் கயிறும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் மாமனாரைத் தெரியும்.

"இன்னா தரகரே, வண்டி சண்டித்தனம் பண்ணுதா?" என்றார் மூத்தவர்.

"வூட்டுப் பொண்ணு மாசமா கீது. குலுங்காம எறக்கணும். கயிறு குடுங்க."

"எங்க ஊர் பொண்ணுங்கள தூளி கட்டித்தான் தூக்கியாருவோம். கட்டட்டுமா?"

"தூளி ஆடும். இது ரப்பர் சக்கரம். ரெண்டு கயிறைப் பின்னால கட்டி ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க. கயித்துல புடிச்சா எதுவும் ஓடாது."

"காருக்குக் கழுத்துக்கயிறா!" என்று ஒருவர் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

எஞ்சினைப் போட்டு முதல் கியரில் மெதுவாக இறங்கியிருந்தால் அதைவிடப் பத்திரம் என்று பின்னால் பாய் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். மாமனாருக்கு அன்று அது தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் பயந்த நேரத்தில் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், கயிற்றைப் போட்டுப் பிடிப்பது. நான் தனியாகக் காரில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நான்கு பேர் கயிற்றை இடுப்பில் சுற்றிக் காலை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அவர் என் எதிர்ப்பக்கக் கதவோரம் நடந்தபடி, உள்ளே கையை நீட்டி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். கொம்பைப் பிடித்து மாடு நடத்துகிற மாதிரி. கைபிரேக்கைக் காட்டி, "கயிறு நழுவினா இதை இழு" என்று சொல்லியிருந்தார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கயிறு முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. கால் சறுக்கினால் ஒருவருக்கொருவர் அதட்டிக்கொண்டார்கள். மேலே போகும்போது இருந்த பயத்தைவிட இது குறைவில்லை. ஒரு வளைவு வந்தது.

"பயமா கீதா?" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"கீது மாமா."

"உம்."

அடுத்த வளைவிலும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அதற்கடுத்த வளைவிலும் கேட்டார். பயப்படாதே என்று ஒருதடவைகூட அவர் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதா என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர் கேட்கக் கேட்க, பதில் சொல்லச் சொல்ல, மரத்துக் கிடந்த என் விரல்களில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி வந்தது.

கயிறு கட்டிய கார் வாசலில் வந்து நின்றபோது அத்தை மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாய் காரைச் சுற்றி ஓடிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"இன்னா ஆச்சு மொதலாளி? வண்டியில கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல பாய். மிரளவே இல்ல. என் ஆயுசுல இந்த மாதிரி ஒண்ணைப் பாத்ததில்ல."

"அப்போ முடிச்சிடலாமா?"

மாமனார் காரின் மூக்கில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இதுல ரெண்டு பேர்தான் குந்தலாம்" என்றார். "எங்க வூட்டுக்கு இனிமே பத்தாது."

பாய்க்கு முதலில் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். சொல்லாததற்கு என்னைத் திட்டவில்லை, அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே அந்தக் கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைகிறவரை மாமனாரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கூடத்துக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

"வலி நின்னுச்சா?" என்றார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "இன்னும் இல்ல மாமா."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். இருட்டுகிறவரை அவ்வப்போது கேட்டார். விளக்கு வைத்த பிறகு ஒருதடவை கேட்டபோது, "நின்னுடுச்சு" என்று சொன்னேன். எட்டிப் பார்த்த அத்தை திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவுது அந்த ஆளு" என்றாள் மெதுவாக. "பாக்காத மாதிரி இரு."

ஐப்பசியில் என் மகள் பிறந்தாள்.